கறுத்தக்கொழும்பானில் குருவிச்சை

தருமபுரம்,
கிளிநொச்சி

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். மிசின் விட்டு வயல் வெட்டியாயிற்று. கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில், கொப்பில் ஒட்டி வளருமே குருவிச்சை, அது பிடித்துவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

கிழக்குக் கொப்பில் மூன்று இடம். செம்மஞ்சளாகக் குழல் குழலாய்ப் பூத்து, தேன்சிட்டு வந்து போனபோது வடிவாகத்தான் இருந்தது. இப்போது காய்த்திருக்கிறது. ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரே விதை, பலாப்பால் மாதிரிப் பசை. மூன்று தரம் சாரத்தில் துடைத்தும் விரலை விடவில்லை. கட்டைவிரல் அளவுக் குருவி அதைத் தின்றுவிட்டு அடுத்த கொப்பில் இருந்து பின்பக்கத்தைத் தேய்க்கிறது. எச்சத்தோடு வரும் விதை அங்கேயே ஒட்டி முளைக்கும். மண்ணே வேண்டாம், பட்டைக்குள் இறங்கிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாதம் ஐந்தாம் திகதி காசு வருகிறது. தங்கச்சியின் படிப்பு அண்ணன் உழைப்பில்தான் நடக்கிறது என்று சந்தியில் நின்று சொல்கிறேன். ஆனால் ஆறு கிழமையாக உன் குரல் இல்லை. இரண்டு நிமிடம் கூடவா கிடைக்காது? சரி, குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். சும்மா பிடுங்கிப் பயனில்லையாம். பட்டைக்கு மேலால் கயிறு மாதிரி வேர் ஓடி இடைக்கிடை ஊன்றியிருக்கிறது. மிச்சம் இருந்தால் திரும்பத் துளிர்க்கும். ஒட்டின இடத்துக்கு ஒரு முழம் கீழே, கொப்போடு தறிக்க வேண்டும், பழம் பழுக்க முதல். போகும்போது ஒன்று சொன்னார். குருவிச்சைக்குப் பச்சை இலை இருக்கிறது, தன் சாப்பாட்டைத் தானே ஆக்கும், தண்ணீரும் உப்புகளும்தான் மரத்திடம் எடுக்கும் என்று.

எனக்கு வாய் அடைத்துப்போனது. 2016 இல் நீ சோதனை எழுதிவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது, இதே கிணற்றடியில், பக்கத்துக் காணிக்காரர் முன்னால், "குருவிச்சை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறாய்" என்று உன்னைச் சொன்னேன். நீ வாளியை வைத்துவிட்டுப் போனாய். அந்த வருசம் முழுக்க விடிய நாலு மணிக்கு எழும்பி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தவன் நீதான். அதை அந்த மனிதரிடம் நான் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. நீ விமானம் ஏறின அன்றும் சொல்லவில்லை. பிழை என்னுடையது, தம்பி.

ஏணியைச் சாத்தி வைத்து நாலு நாள். 2010 இல் கூரையும் கதவும் இல்லாத வளவுக்குத் திரும்பி வந்தபோது நீ ஊஞ்சல் கட்டின கொப்பு அது. சண்டைக்காலத்து ஷெல் துண்டு இன்னும் அதில் இருக்கிறது. தறிக்கவா, விடவா என்று நீ சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை எடு. அம்மாவோடு கதைத்துவிட்டு வைத்துவிடாதே, என்னிடமும் கொடுக்கச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா