தம்பிக்கு, அந்த மூன்று அடுக்கு கேக் பற்றி

அன்புள்ள தம்பி,

பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீயே கேக் செய்யப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, நீ அனுப்பிய படத்தைத் திறக்கும் வரைக்கும். மூன்று அடுக்கு, மேலே சுருக்கமே இல்லாத ஃபாண்டன்ட் (சப்பாத்தி மாதிரி தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவு), பக்கமெல்லாம் சர்க்கரை ரோஜா, உச்சியில் யூனிகார்ன் கொம்பு. "இது கஷ்டமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், இதே மாதிரி படத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஆகட்டும்.

கஷ்டம்தான். அடுக்கை விடு. மேல் அடுக்கின் எடையைக் கீழே இருக்கும் கேக் தாங்குவதில்லை, அதற்குள் செருகியிருக்கும் குச்சிகளும் ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் வைக்கும் அட்டையும்தான் தாங்குகின்றன, அந்தக் குச்சிகளில் ஒன்று கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் மொத்தமும் சாயும். முதல் கேக்கிலேயே உனக்கு ஏன்டா இந்த வேலை? 8 அங்குல வட்ட டின்னில் இரண்டு கேக் சுட்டு, நடுவில் கிரீம் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வை. சிறு துண்டாக வெட்டினால் இருபது பேருக்கு வரும். ஆள் அதிகம் என்றால் அலங்காரமே இல்லாமல் இன்னொரு கேக் சுட்டு அடுப்படியிலேயே வெட்டித் தட்டில் வைத்துவிடு, யாரும் கவனிக்கப்போவதில்லை. பெரிய டின்னுக்குப் போவதாக இருந்தால் மட்டும் கணக்கைச் சரியாகப் போடு. 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவு 50 சதுர அங்குலத்திலிருந்து 78-க்குப் போகிறது, அதாவது மாவு ஒன்றரை மடங்குக்கும் மேலே வேண்டும்.

அலங்காரத்துக்குக் கைப்பழக்கம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல்முறை செய்கிறவர்களுக்கு வரும் தொல்லையில் முக்கால்வாசி கையால் வருவதில்லை, சூட்டால் வருகிறது. வெண்ணெய் எவ்வளவு சூடு, முட்டை எவ்வளவு குளிர்ச்சி, கேக் ஆறியதா இல்லையா, கிரீம் இளகிவிட்டதா, இதைக் கவனித்தால் போதும், நடுங்குகிற கையிலும் நல்ல கேக் வரும்.

வெண்ணெயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போது சர்க்கரையோடு சேர்த்து அடிக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, விரலால் அழுத்திப் பார். குழி விழ வேண்டும், ஆனால் வெண்ணெய் பளபளக்கக் கூடாது. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் புகுந்து குட்டிக் குட்டிக் காற்றறைகளை உண்டாக்குகின்றன, பேக்கிங் பவுடர் செய்வதெல்லாம் அந்த அறைகளைப் பெரிதாக்குவது மட்டுமே, புதிதாக ஒன்றையும் அது உண்டாக்காது. அதனால்தான் உருகிய வெண்ணெயைப் போட்டு அடித்துவிட்டு, கேக் எழும்பவில்லையே என்று பேக்கிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை, கசப்புதான் மிஞ்சும். முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரக் கூடாது. குளிர்ந்த முட்டை பட்டதும் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் சரியாகிவிடும். மைதாவைக் கப்பில் அளக்காதே, எடை போடு. அதே கப்பை அழுத்தி நிரப்பினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் வேறு எடை.

பேக்கிங் பவுடர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1843-இல் அதைச் செய்தது வியாபாரத்தை நினைத்து இல்லை, அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அதற்கு முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியையும் செய்திருந்தார். எதற்குச் சொல்கிறேன் என்றால், பாப்பாவின் நண்பர்களில் யாருக்காவது முட்டை, பால், கொட்டை வகை ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா என்று அந்தந்த அம்மா அப்பாவிடம் இப்போதே கேட்டுவிடு. கேக்கை மேசையில் வைத்த பிறகு கேட்டு ஒன்றும் ஆகாது.

ஓவன். அதன் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. உள்ளே தொங்கவிடுகிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு, இந்த முழு வேலைக்கும் நீ வாங்க வேண்டிய ஒரே நல்ல கருவி அதுதான் (சுழல் மேடை, கிரீம் பிழிகிற முனையான நாசில் ஐம்பது கொண்ட பெட்டி எல்லாம் அப்புறம்). டின்னின் ஓரம் முதலில் சூடாவதால் ஓரத்து மாவு சீக்கிரம் இறுகிவிடும், நடுவில் இருப்பது தொடர்ந்து எழும்பிக்கொண்டே இருக்கும், அதனால்தான் கேக் நடுவில் குன்று மாதிரி வருகிறது. உனக்கு வேண்டியது தட்டையான கேக். 180 டிகிரிக்குப் பதில் 160-இல் வைத்து இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் குன்று அடங்கும். முக்கால்வாசி நேரம் ஆகும் வரை கதவைத் திறக்காதே, பாப்பா எவ்வளவு கெஞ்சினாலும் கண்ணாடி வழியாகத்தான்.

சுட்ட அன்றே அலங்காரம் செய்யாதே. இந்தக் கடிதத்தில் ஒரு வரியைத்தான் நீ படிக்கப்போகிறாய் என்றால் இந்த வரியைப் படி. டின்னில் பத்து நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வை. குளிர்ந்த கேக்கில் வெண்ணெய் இறுகியிருக்கும், கத்தி போட்டால் உதிராது, கிரீம் தடவினால் தூள் ஒட்டிக்கொண்டு வராது. வெதுவெதுப்பான கேக்கில் கிரீம் உருகி வழியும், மேல் கேக் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போகும், நீ அதைத் தள்ளித் தள்ளி நிறுத்திக்கொண்டிருப்பாய். மறுநாள் ரம்பக் கத்தியால் மேலே சமப்படுத்தி, முதலில் கேக் தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஒரு பூச்சு. தூள் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அதன்மேல் இரண்டாவது பூச்சு போடு. படத்தில் பார்க்கிற வழவழப்பெல்லாம் இப்படி வருவதுதான்.

எதைப் பூசுவது? ஃபாண்டன்ட் வேண்டாம் என்பேன். பார்க்க அழகு, குழந்தைகள் உரித்துத் தட்டோரம் வைத்துவிடுவார்கள். அது மூடிய கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பிசுபிசுக்கும். விப்பிங் கிரீமுக்குக் குறைந்தது 35 சதவீதம் கொழுப்பு வேண்டும், பாத்திரமும் குளிர்ந்திருக்க வேண்டும், செய்த பிறகும் வெளியே வைக்க முடியாது. உனக்குச் சுலபம் பட்டர்கிரீம், 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரை, தித்திப்பைக் கொஞ்சம் அடக்க ஒரு சிட்டிகை உப்பு. அடிக்கும்போது இளகினால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடி. விழா அன்று சூடாக இருக்கும் என்றால் கனாஷ் இன்னும் நல்லது. இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம், இரண்டும் எடைக் கணக்கில். ஆறியதும் நன்றாக இறுகி நிற்கும். நடுவில் தடவ மட்டும் என்றால் சமபங்கு போதும்.

நாசில் ஒன்று போதும், பெரிய திறந்த நட்சத்திரம். பைப்பிங் பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. உள்ளங்கைச் சூட்டில் கிரீம் இளகும், முழுப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி தூரத்திலேயே பூ இதழ் எல்லாம் தொளதொளவென்று விழும். இப்போது அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்த மாதிரி கேக்குகள் திரும்ப வந்திருக்கின்றனவே, 1930-களில் ஜோசப் லாம்பெத் என்பவர் பிரபலமாக்கிய பாணி அது. பார்த்துப் பயப்படாதே, கோணல் ஓரத்தை மறைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அடியில் சுற்றிலும் ஒரு வரிசை, மேல் ஓரத்தில் ஒரு வரிசை போட்டால் நீ ஒழுங்காகச் சமப்படுத்தாத இடமெல்லாம் ஒளிந்துகொள்ளும்.

நிறத்துக்கு ஜெல் வகை வாங்கு, தண்ணீர் வகை கிரீமை நீர்க்கச் செய்துவிடும். கலந்த நிறம் சில மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும் என்பதால் வெளிறலாக இருக்கும்போதே நிறுத்து. கறுப்பு வேண்டுமென்றால் கோகோ சேர்த்த கிரீமிலிருந்து ஆரம்பி, வெள்ளையிலிருந்து போனால் சாயம் அளவுக்கு மீறிக் கசக்கும். நிஜப் பூ வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் எந்தப் பூ என்று பார்த்து வை. அரளி, ஹைட்ரேஞ்சியா இரண்டும் நஞ்சு, கடையில் அலங்காரத்துக்கு விற்கும் பூக்களில் பூச்சிமருந்து இருக்கலாம்.

யூனிகார்ன் கொம்பை மட்டும் விட முடியாது, பாப்பா கேட்டது அதைத்தானே. அதை ஃபாண்டன்டிலேயே செய். கொஞ்சம் சிஎம்சி பொடி (ஃபாண்டன்ட் கெட்டியாகக் காய உதவுகிற பொடி) பிசைந்து, இரண்டு திரியாக உருட்டி, ஒரு குச்சியில் முறுக்கிச் சுற்றி, சில நாள் முன்பே காயவிடு. குழந்தை கையில் கொடுக்கும் முன் குச்சியை உருவிவிடு, வராவிட்டால் கொம்பைக் கொடுக்காதே.

பட்டர்கிரீம் கேக்கை வெட்டுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வை. குளிராக இருந்தால் வெண்ணெய் இறுகி, கேக் காய்ந்துபோன மாதிரி வாயில் படும், நன்றாகச் சுட்ட கேக்குக்கே கெட்ட பெயர் வரும். கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே. முதல் வெட்டைப் பாப்பா எப்படி வேண்டுமானாலும் போடட்டும், இரண்டாவதிலிருந்து கத்தியை நீ வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா