பெஞ்சில் பக்கத்து ஆள்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. குறுவை அறுப்பு மழைக்கு முன்னால் முடிந்ததில் சந்தோஷம். மச்சினனுக்கும் என்னைப் போலவே புராஸ்டேட் புற்றுநோய் என்றும், யாரிடமும் பேசாமல் மாடியறையே கதியென்று கிடக்கிறார் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் பதிலை ஒத்திப்போட மனசு வரவில்லை.

"அத்தைக்கு வைத்த கரண்ட் மாதிரிதானா?" என்று கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அவருக்குத் தோல் கருகியிருந்தது எனக்கும் மறக்கவில்லை. அது கோபால்ட் மிஷின் காலம். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு 1957-லேயே அந்த மிஷின் வந்துவிட்டது, எத்தனையோ பேரைப் பிழைக்கவும் வைத்தது. ஆனால் கதிர் போகிற வழியில் இருக்கும் நல்ல சதையும் சேர்ந்து அடிபடும். இப்போது இருப்பது லினாக், மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் மிஷின். கதிர் வெளிவருகிற வாயில் டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக நிற்கும். மிஷின் நம்மைச் சுற்றி வர வர, அவை நகர்ந்து கதிரைக் கட்டியின் உருவத்துக்கு வெட்டிக்கொண்டே வரும். குறி தப்பாமல் இருக்க எனக்கு உள்ளே அரிசி மணியை விடச் சின்னதாக மூன்று தங்கத் துண்டுகளை வைத்தார்கள். (இவள் இந்த வயதில் எனக்குத் தங்கமா என்று கேட்டது தனிக்கதை.) படுத்திருப்பது கொஞ்ச நேரம்தான். வலி கிடையாது, சூடுகூடத் தெரியாது. முன்பு ஏழெட்டு வாரம் இழுக்கும். பிரிட்டனில் மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்த பிறகு, 20 தவணையில் 60 கிரே (கதிரை அளக்கும் கணக்கு) கொடுத்து நாலு வாரத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான்.

பெரும்பாடு தண்ணீரில்தான். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் கதிரின் வழியிலிருந்து ஒதுங்கி நிற்கும். மலக்குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் இடம் மாறாது. அதனால் தினமும் காலையில் ஐந்தாறு கிழவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடிப்போம். ஒருநாள் மிஷின் நின்றுவிட்டது. "இதோ ஆயிடும் சார்" என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணி ஓட்டிவிட்டார்கள். காலைப் பின்னிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் நாங்களும் சிரித்தோம். சிரித்தால் ஆபத்து என்று தெரிந்தே!

அந்த பெஞ்சில்தான் எனக்குப் பாதி வைத்தியம் நடந்தது. ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு, எனக்கு இரண்டு வாரம் முன்னால் ஆரம்பித்தவர். முதல் வாரமே ஸ்கேனில் வாயு தெரிகிறது என்று என்னை மேஜையிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டார்கள். கூனிக் குறுகி வெளியே வந்தேன். அவர் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து, "எனக்கும் ஆச்சு சார். சுண்டல், முட்டைக்கோஸ் ரெண்டையும் விடுங்க, ராத்திரி பால் வேண்டாம், சாப்பிட்டதும் நடங்க" என்றார். டாக்டரம்மா கொடுத்த தாளிலும் அதேதான் இருந்தது. ஆனால் தாள் என்னைப் பார்த்து "எனக்கும் ஆச்சு" என்று சொல்லவில்லையே.

பெண்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர்தான் மற்ற விஷயத்தையும் எடுத்தார். ஹார்மோன் ஊசி போட்டால் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்க்கும், ஆசை அற்றுப்போகும். யாரிடம் கேட்பது என்று நான் விழுங்கிக்கொண்டிருந்ததை அவர் வானிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு, "வீட்டம்மாகிட்ட மறைக்காதீங்க" என்றார். அன்றிரவே சொன்னேன். "எனக்கு அம்பது வயசில் வந்தது உங்களுக்கு இப்ப வந்திருக்கு" என்று விசிறியை நீட்டினாள்.

விழுப்புரத்துக்காரர் ஒருவர் பேத்தியைத் தூக்குவதையே நிறுத்தியிருந்தார், குழந்தைக்குக் கதிர் தாக்குமாம். இப்படி வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது என்று டெக்னீஷியன் பையன் சொல்லியும் அவர் நம்பவில்லை. கார்டு தன் போனைத் திறந்து, மடியில் பேரனோடு இருக்கும் படத்தைக் காட்டினார். மறுநாள் விழுப்புரத்துக்காரர் முகமே வேறாக இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து மூத்திர எரிச்சல், ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பது, அசதி எல்லாம் உண்டு. முடிந்த பிறகும் சில வாரம் இருந்து மெல்லக் குறைகிறது.

மச்சினனை எனக்குப் போன் போடச் சொல். சாயங்காலம் கூப்பிடட்டும், மத்தியானம் நான் தூங்கிவிடுகிறேன். கார்டிடமும் கேட்டுவிட்டேன், தாராளமாகப் பேசுகிறேன் என்றார். மச்சினனுக்கு வாய் வரவில்லையென்றால் நீ பக்கத்திலிருந்து ஆரம்பித்து வை, அப்புறம் எழுந்து போய்விடு.

தையில் உன் பெண் கல்யாணத்துக்கு வருகிறோம். அந்த மாதம் எனக்கு பிஎஸ்ஏ என்கிற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், தேதி குறித்ததும் உடனே எழுது.

அன்புடன்,
சேகர்