அச்சைச் சொல்லாமல் 'மேல்' என்று எழுதாதீர்கள்

இயற்பியல் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

வணக்கம். கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். தற்சுழற்சிக்கு (ஸ்பின், அதாவது எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தம்) அம்புக்குறி போடும்போது எந்த அச்சு, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

1922-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே விட்டார்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சியால் அது இரண்டாகப் பிரிந்தது. அவற்றுக்குத்தான் இன்று 'மேல்', 'கீழ்' என்று பெயர். காந்தத்தை 90 பாகை திருப்பினால் கற்றை பக்கவாட்டில் பிரியும். அப்போதும் பலர் அதே பெயர்களைத்தான் சொல்கிறோம். கூரைக்கும் தரைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. 'மேல்' கற்றையை மட்டும் எடுத்து, திருப்பி வைத்த இன்னொரு காந்தத்துக்குள் அனுப்பினால் பாதிக்குப் பாதி பிரிகிறது. நிமிர்ந்து நிற்கும் அம்பை மட்டுமே பார்த்துப் பழகிய மாணவர் இங்கே திணறினால் அவர்மேல் தப்பில்லை. எலக்ட்ரானுக்கு அச்சின் வழியே அளக்கக் கிடைப்பது தற்சுழற்சியின் மொத்த அளவில் ஏறத்தாழ 58 சதவீதம்தான். வரைந்தே தீரவேண்டும் என்றால் அம்பு அந்த அச்சிலிருந்து சுமார் 55 பாகை சாய்ந்திருக்க வேண்டும்.

என் பெரிய குறை இடம், வலம் பற்றியது. வட்டத் தளவிளைவு அடைந்த ஒளியை, அதாவது மின்புலத்தின் திசை சுற்றிக்கொண்டே வரும் ஒளியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியியல் நூல்கள் பலவற்றில், ஒளி வரும் பக்கம் பார்த்து நிற்கும்போது அந்த மின்புலம் வலஞ்சுழியாகச் சுற்றினால் 'வலது'. ஆன்டெனா பொறியாளர்கள் அலை போகும் திசையில் பார்ப்பவர்கள். அவர்களுக்கு அதுவே 'இடது'. துகள் இயற்பியலிலும், ஒளித்துகளான ஃபோட்டானின் தற்சுழற்சி அதன் பாதையோடு ஒத்துப்போனால்தான் வலக்கை; அப்படிப் பார்த்தால் இதே ஒளி இடக்கை. ஓடும் மின்விசிறியைக் கீழே படுத்துப் பார்ப்பதும் மேலிருந்து பார்ப்பதும் ஒன்றா என்ன? மரபுகள் இரண்டும் சரியே. எந்த மரபு என்று சொல்லாமல் ஒரு மதிப்பெண் கேள்வி கேட்பதுதான் சரியில்லை.

அப்புறம் நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற நுண்துகள். அது இடக்கை என்று 1958-இல் புரூக்ஹேவனில் கோல்ட்ஹேபர் குழு காட்டியது. அதே சொல்லை எலக்ட்ரானுக்குப் போடும்போது கவனம் வேண்டும். எலக்ட்ரானுக்கு நிறை உண்டு. அதை முந்திச் செல்லும் பார்வையாளருக்கு அது பின்னோக்கிப் போவதாகத் தெரியும், ஹெலிசிட்டி (தற்சுழற்சி பாதையோடு ஒத்துப்போகிறதா, எதிராக இருக்கிறதா என்பது) மாறிவிடும். கைராலிட்டி (துகளின் குவாண்டம் சமன்பாட்டிலேயே வரும் இட-வலப் பண்பு) பார்ப்பவரின் வேகத்தால் அப்படி மாறாது. இரண்டையும் வெறும் 'இடக்கை' என்றே அச்சிட்டால் வகுப்பில் நாங்கள் என்ன சொல்லிச் சமாளிப்பது?

அடுத்த பதிப்பில் படத்தின் ஓரத்தில் ஓர் அச்சுக்குறியும், பார்ப்பவர் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணும் வரைந்துவிடுங்கள். வினாத்தாளில் ஒரு வரி கூடினால் போதும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்