படிக்க முடியாத நம்பர் பிளேட் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையோரத்தில் பழைய மெர்சிடிஸ் லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் முதுகில் சன்னலும் கதவும் வைத்துச் சிறு வீடே கட்டியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் வண்டியைவிட அதன் நம்பர் பிளேட்டைத்தான் கூர்ந்து பார்த்தான். வெள்ளைப் பலகையின் இடது ஓரத்தில் நீலப் பட்டை, அதில் பன்னிரண்டு நட்சத்திரங்கள், கீழே 'டி' என்ற எழுத்து. அடுத்து 'எல்டிகே', ஒரு வட்ட முத்திரை, இரண்டு எழுத்துகள், சில எண்கள். கடைசியில் ஓர் 'எச்'. "தாத்தா, வண்டி ஜெர்மனி. முப்பது வயசுக்கு மேல" என்றான் அவன். அருகில் நின்றிருந்த உரிமையாளரிடம் விசாரித்தோம், இரண்டுமே சரி.

என் மகள் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தபோது, மாலை நடையில் எதிர்ப்படும் கார்களைப் படித்துப் படித்தே இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பியதும் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மனியில் முதலில் வரும் ஒன்று முதல் மூன்று எழுத்துகள் ஊரையோ மாவட்டத்தையோ குறிக்கும். 'பி' என்றால் பெர்லின், 'எம்' என்றால் மியூனிக், 'எஸ்' என்றால் ஸ்டுட்கார்ட். ஹாம்பர்க் தன் பழைய 'ஹான்சா' வணிகக் கூட்டமைப்புப் பெருமையை விடாமல் 'எச்எச்' என்று இரண்டு எழுத்து வைத்திருக்கிறது. எச் என்று முடிந்தால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழையதாகி, பெரும்பாலும் மூல வடிவம் கெடாமல் பேணப்படும் வண்டி. இ என்று முடிந்தால் மின்சார வண்டி. பலகையின் வலது ஓரத்தில் 04, 10 என்று மேலும் கீழுமாக இருந்தால், அந்த வண்டி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே சாலைக்கு வரலாம். பின்பக்கப் பலகையில் ஒட்டிய வண்ண வில்லையின் நடுவில் இருப்பது ஆண்டு. அதன் உச்சியில் எந்த எண் நிற்கிறதோ அந்த மாதத்தில் அடுத்த தகுதிச் சோதனை. வண்டியை நிறுத்திக் கேட்க வேண்டியதே இல்லை.

அந்த 'எல்டிகே' மூன்று எழுத்துகளுக்குள் ஒரு நாட்டின் வரலாறே இருக்கிறது. 1956இல் மேற்கு ஜெர்மனி இந்த முறையைக் கொண்டுவந்தபோது, நாடு என்றாவது ஒன்று சேரும் என்ற நம்பிக்கையில் கிழக்குப் பகுதி ஊர்களுக்கான எழுத்துகளையும் ஒதுக்கி வைத்தார்கள். 1990இல் நாடு இணைந்ததும் 'எல்' என்ற ஒற்றை எழுத்து கிழக்குப் பகுதியின் லைப்சிக் நகருக்கு உரியதாயிற்று. அதுவரை அதைப் பயன்படுத்தி வந்த லான்-டில் மாவட்டம் அதை விட்டுக்கொடுத்து 'எல்டிகே' என்று மாறிக்கொண்டது. மாமல்லபுரத்தில் நாங்கள் பார்த்தது அந்த மாவட்டத்து வண்டி.

இதையெல்லாம் தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. கடந்த தை மாதம் மந்தைவெளியில், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிய என் மனைவியின் மீது ஓர் இருசக்கர வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் கண் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பலகையில் எண்கள் கொடிபோல் வளைந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், ஒருவர் 9 என்றார், மற்றொருவர் 4 என்றார், மூன்றாமவர் எதுவும் சொல்ல முடியவில்லை என்றார். மனைவியின் மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. மோதியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

ஜெர்மானியர்கள் இந்த எழுத்து வடிவத்துக்காகவே தனியாக உழைத்திருக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில், கார்ல்கெயோர்க் ஹோஃபர் என்ற எழுத்துக் கலைஞர் முன்னின்று வகுத்த எழுத்துரு அது; 2000ஆம் ஆண்டு முதல் அங்கே புதிய பலகைகள் எல்லாவற்றிலும் அதுதான். 'பி' (P) எழுத்துக்கு ஒரு கால் வரைந்து 'ஆர்' (R) ஆக்க முடியாது. 3ஐ 8 ஆக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தும் மற்றதைப்போல் தோன்றாதபடி வேண்டுமென்றே கோணலாக அமைத்திருக்கிறார்கள். அழகு குறைவுதான், ஆனால் தொலைவிலிருந்தும் பிழையின்றிப் படிக்கலாம்.

நம்மிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், கார் எண்களின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10 மில்லிமீட்டர் என்று அளந்தே சொல்கின்றன. அலங்கார எழுத்துகளைத் தடுக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பலகையும் கட்டாயம். அப்படியிருந்தும் வளைத்து எழுதிய எண்கள், 8055ஐ 'பாஸ்' (BOSS) என்ற ஆங்கிலச் சொல்லாகக் காட்டும் பலகைகள், தலைவர் படத்துக்கு இடம்விட்டு எண்ணை மூலையில் ஒடுக்கியவை ஆகியவற்றைச் சென்னைச் சாலைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். அபராதம் போடுவதோடு நில்லாமல், அப்படிப்பட்ட பலகையை அங்கேயே கழற்றி மாற்றவைக்கும்படி போக்குவரத்துத் துறையைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். அவற்றை எழுதித்தரும் கடைகளையும் விட்டுவிடக் கூடாது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒரகடம் பக்கமும் ஜி.எஸ்.டி. சாலையிலும் கறுப்பு வெள்ளைச் சுருள் படம் ஒட்டி மறைத்த சோதனை கார்கள் சிவப்புப் பலகையோடு ஓடுவதைப் பிள்ளைகள் ஆசையாக வேடிக்கை பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் இன்னும் பதிவாகாமல் தயாரிப்பாளர் அல்லது விற்பனையாளர் கையில் வணிகச் சான்றிதழோடு ஓடும் வண்டி, பச்சை என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் வாடகை வண்டி, நீலம் என்றால் தூதரகம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தங்கள் சிறுவர் பகுதியில் இந்த நிறங்களையும், தமிழகத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் குறியீடுகளையும் வாரம் பத்தாக வெளியிடுங்கள். என் பேரனின் நோட்டில் இதுவரை நாற்பத்தொரு குறியீடுகள் ஏறியிருக்கின்றன. நீலகிரியின் 43ம் நாகர்கோவிலின் 74ம் எங்கள் தெருவிலேயே கிடைத்தன. விடுபட்டவற்றுக்கு அவன் கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மந்தைவெளி, சென்னை.