கேற் பச்சைக்கு அடியில்

நல்லூர், யாழ்ப்பாணம்
ஆனி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் பேரனின் யுத்த தாங்கி மொடலின் படமும் கிடைத்தன. பூச்சு மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது, பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறான், எதைக் கொண்டு கழற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நம்முடைய ஹரிக்கேன் போர்விமான மொடலின் பூச்சை நான் கழற்றிவிட்டேன். பாதி உனக்குச் சொந்தமான பொருள், உன்னைக் கேட்டிருக்கவேண்டும். பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் எயார்பிக்ஸ் மொடல் பெட்டி நினைவிருக்கும். 72இல் ஒரு பங்கு அளவு, இறக்கை நுனிக்கு நுனி 17 சென்ரிமீற்றர். மொடலுக்கென்று விற்கும் பூச்சை நாம் அப்போது கண்ணாலும் கண்டதில்லை. உங்கள் வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமலை நீதான் பூசினாய், மூன்று தரம். 1995இல் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது பிஸ்கற் ரின்னுக்குள் அதுவும் வந்தது. ஒரு சில்லு மட்டும் தொலைந்தது.

முதலில் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் இரண்டு நாள் ஊறவிட்டேன். மினுக்கம் குறைந்ததே தவிர பச்சை அசையவில்லை. நாற்பது ஆண்டு இறுகிய எண்ணெய்ப் பூச்சு அல்லவா? பிறகுதான் யோசித்தேன்: எண்ணெயை உடைப்பது காரம். சவர்க்காரம் காய்ச்சும்போது நடக்கும் அதே வினை. கோஸ்டிக் சோடா எனாமலில் உள்ள எண்ணெயைச் சவர்க்காரமாக்கும். பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் கொஞ்சமாக. சோடாவைத்தான் தண்ணீரில் இடவேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசலின் சூடு ஆறியபிறகே மொடலை இறக்கினேன், இல்லாவிட்டால் இறக்கை வளைந்துவிடும். அலுமினியச் சட்டியைக் காரம் தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் வாளி. கையுறையும் கண்ணாடியும் கழற்றவே இல்லை.

இரண்டாம் நாள் காலை பச்சை, பாம்புச் சட்டைபோல உரிந்து கிடந்தது. பற்தூரிகையால் மெல்லத் தேய்த்தபோது இறக்கை முழுவதும் புடைத்த ஆணித்தலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. மச்சான், நாம் அவற்றை ஒருநாளும் உன்னிப்பாகப் பார்த்ததில்லை! ஒட்டிய முதல் வாரமே உன் பூச்சு அவற்றை மூடிவிட்டது. விறாந்தையில் வெயிலுக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் இணைப்பில் பசை பிதுங்கிய இடத்தில் விரல் ரேகை ஒன்று பதிந்திருக்கிறது. என்னுடையது இல்லை, ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கழுவிய நீரை நிலத்தில் ஊற்ற மனம் வரவில்லை. இங்கே எதை ஊற்றினாலும் சுண்ணக்கல்லுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்கிவிடும்; சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நீயும் அறிவாய். வினாகிரி விட்டுக் காரத்தை முறித்து, உரிந்த பூச்சை வடித்துத் தனியே ரின்னில் மூடி வைத்திருக்கிறேன். சிலர் பிரேக் ஒயிலில் ஊறப்போடச் சொல்வார்கள். பூச்சு கழலும், உண்மைதான். ஆனால் கைத்தோலுக்கும் ஆகாது, கொட்டவும் இடமில்லை. அந்தப் பக்கம் போகாதே.

இனி பேரனின் தாங்கி. மேலே அக்ரிலிக் பூச்சு, கீழே ஸ்பிரே ரின்னில் வந்த லக்கர் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, என்று எழுதியிருக்கிறாய். அக்ரிலிக்கை அற்ககோல் கழற்றும். மருந்துக்கடையில் கிடைப்பதில் செறிவு கூடியதை வாங்கு. எந்தத் திரவமானாலும் முதலில் பாகங்கள் பொருந்தி வந்த சட்டத்துண்டில் சோதித்துப் பார். கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் பாகம் இருந்தால் வெளியே எடுத்துவிடு, அற்ககோலில் வெடிப்பு விழும். டெட்டோலும் உதவும், ஆனால் அதிலிருந்து எடுத்தவுடன் தண்ணீர் காட்டாதே. பூச்சு பிசினாகி ஒட்டும். புதிய டெட்டோலிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு சவர்க்காரத் தண்ணீர். அசற்றோனும் கடும் தின்னரும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

பிரைமர் போகவில்லை என்று கவலைப்படாதே. லக்கரின் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்தோலைச் சற்றே இளக்கி அதற்குள் பற்றிக்கொள்கிறது. அதை முற்றாக எடுக்கப் பாடுபட்டால் பிளாஸ்டிக்தான் சேதமாகும். எனக்கும் உன் பேரனுக்கு நேர்ந்ததே நேர்ந்தது. ஹரிக்கேனுக்கு புதிதாகப் பிரைமர் அடித்தது சோழகம் வீசும் மத்தியானத்தில். துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாகப் படிந்தன. மூன்று நாள் அற்ககோலோடு மல்லுக்கட்டியும் சாம்பல் நிறம் விடவில்லை. கடைசியில் 1000ஆம் இலக்க மண்தாளை நனைத்து, சொரசொரப்பை மட்டும் நீக்கினேன். சாம்பல் கறை நிற்கிறது, நிற்கட்டும். அடுத்த பூச்சுக்கு அதுவே நல்ல பிடி. அவனிடமும் இதைச் சொல். பிள்ளை ஒன்றையும் பாழாக்கவில்லை. அடுத்த முறை காற்றில்லாத காலையில், ஒரு சாண் தூரத்தில் வைத்து அடிக்கட்டும்.

இந்த முறை நிறம் சரியாக வரவேண்டும் என்பது என் ஆசை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியரின் குண்டுவீச்சிலிருந்து திருகோணமலையைக் காக்கச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய ஹரிக்கேனாக அதை ஆக்கப்போகிறேன். மேலே கரும்பச்சையும் மண்நிறமும். அப்போது பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. யப்பானியரின் செவ்வட்டத்தோடு மயங்காதிருக்கப் பின்னர்தான் இந்தப் பக்கத்து விமானங்களில் அதை நீக்கினார்கள். சில்லுக் குழிக்குள் மட்டும் உன் கேற் பச்சையைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொன்னாயே, சிவப்பு நடுவுள்ள ஒட்டுச்சின்னத் தாள் ஒன்றும் அந்த அளவில் ஒரு சில்லும் அங்கே கிடைத்தால் வாங்கி வா. சின்னம் ஒட்டும் வேலையை நீ வரும்வரை வைத்திருக்கிறேன்.

உன்
மச்சான்