பால் கட்டினால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் வாரம் வந்தால் தாய்ப்பாலின் பெருமையைப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், சரி. பால் கட்டிக்கொண்டு துடிக்கிறவளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கக் கூடாதா?

என் மகள் பிரசவமாகி இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் ராத்திரி மார்பு இரண்டும் கல்லாக இறுகி, தோல் பளபளவென்று விரைத்து, கையைத் தூக்கக்கூட முடியவில்லை. குழந்தை வாயை வைக்கும், வழுக்கும், வீறிட்டு அழும். உடனே பார்த்தவர்கள் எல்லாரும் 'பால் போதலை, புட்டிப்பால் கொடு' என்றார்கள். பால் பொங்கிக்கொண்டு நிற்கிற அன்றைக்குத்தான் பால் இல்லை என்கிறோம்! நானும் அதைத்தான் சொன்னேன். போதாக்குறைக்கு அவள் கதறக் கதற அழுத்திப் பிசைந்தும் விட்டேன், வீக்கம் இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

மறுநாள் வந்து பார்த்த நர்ஸம்மா என் கையை எடுக்கச் சொன்னார். நஞ்சுக்கொடி விழுந்ததும் ஹார்மோன் மாறி, 2 முதல் 5 நாளுக்குள் பால் பெருகும்போது ரத்த ஓட்டமும் கூடி, நிணநீரும், அதாவது சதைக்குள் ஊறும் நீரும், தேங்குகிறதாம். வீக்கம் வெறும் பால் மட்டும் இல்லை, அதனால் பிசைந்து எடுத்துவிட முடியாது என்றார். காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, கருவட்டத்தை நெஞ்சுப் பக்கமாக மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். அந்த இடம் மட்டும் இளகியது. அப்புறம் கையால் கொஞ்சம் பீச்சிவிட்டுக் குழந்தையைப் போட்டால், கப்பென்று பிடித்துக்கொண்டது! அது வாயில் பிடிக்க இடமில்லாமல்தான் இத்தனை நேரம் அழுதிருக்கிறது.

பால் கொடுக்கும் முன் சில நிமிடம் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். பம்ப் வைத்து ஒட்ட எடுக்கக் கூடாது, எடுக்க எடுக்கச் சுரக்கும். வலி தணிகிற அளவுக்கு எடுத்தால் போதும். வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுபுரூபனோ டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதற்கு அது தடை இல்லை. ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடாவது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சொல்லியிருக்கலாம். கட்டுவது வீட்டுக்கு வந்த பிறகுதான், கையில் கொடுத்த தாளிலோ தையல், மாத்திரை, தடுப்பூசித் தேதி தவிர வேறெதுவும் இல்லை. அதில் நாலு வரி சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுதுங்கள், எழுதும்போது அந்தக் கருவட்டத்தை அழுத்திப் பிடிக்கும் முறையை ஒரு படமாகவும் போட்டுவிடுங்கள், படித்துப் புரிந்துகொள்வதைவிட அது சுலபம்.

இப்படிக்கு,
பேத்தி எடுத்த ஒரு வாசகி