கெட்டுப்போனால் யார் கையில் கொடுப்பீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் தலைவலி இல்லை, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் பண்ணினால் காசு மிச்சம், உங்கள் பட்ஜெட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வாங்குங்கள் என்று முடித்துவிட்டார்கள். காரைக்குடியில் பதினாறு வருஷமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். ஆய்வேடு டைப் செய்வது, புராஜெக்ட் பிரின்ட், பைண்டிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. இரண்டு வகைக் கம்ப்யூட்டரிலும் வேலை பார்த்து, இரண்டிலும் நஷ்டப்பட்டவள் என்பதால் சொல்கிறேன், விலையை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தும்போது ஓடவில்லை என்றால் அதை நம் ஊரில் யார் சரிசெய்வார், அதற்கான பாகம் எங்கே கிடைக்கும், முதலில் இதைக் கேளுங்கள்.

என் கடைக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியின் சின்ன டெஸ்க்டாப் இரண்டு வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது, சத்தமே இல்லை, மேஜையில் இடமும் அடைக்கவில்லை. ஒரு வருஷ வாரண்டி முடிந்தது. அதற்கடுத்த ஏப்ரலில், மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரம், சாயங்காலம் கரண்ட் ஒரு தடவை வெட்டிவிட்டு வந்தது, ஒரு மெஷின் அதோடு எழுந்திருக்கவில்லை. வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் அக்கா, அரை மணி நேர வேலை என்று கையோடு புதுசு ஒன்று கொண்டுவந்தான். எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் அவன் முகம் மாறிவிட்டது. அவன் கையில் இருந்தது எல்லாக் கடையிலும் விற்கிற, சீப்பு மாதிரி நீளமான 24 பின் பிளக். எங்கள் மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் மாட்டும் பலகையில், அதைச் செருகும் இடத்தில் இருந்தது ஆறே பின் உள்ள ஒரு குட்டி சாக்கெட். பெட்டியும் ஒடுக்கம், அவன் கொண்டுவந்த எஸ்.எம்.பி.எஸ். அதற்குள் நுழையக்கூட இல்லை, ஸ்க்ரூ துளையும் வேறு. "இது அவங்க கம்பெனிக்குன்னே தனியா பண்ணது அக்கா, நம்மகிட்ட கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி அடுத்த மெஷினில் மாட்டிக் கொடுத்தான். மாணவர்களின் ஃபைல்கள் தப்பித்தது அப்படித்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வந்து சேர 19 நாள் ஆனது. விலை சாதாரண எஸ்.எம்.பி.எஸ். விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த 19 நாளும் ஒரே மெஷினில் நானும் என் உதவிக்கு இருந்த பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்தோம், வந்த வேலையில் பாதியைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினோம். பின்களை மாற்றிக் கொடுக்கிற வயர் ஆன்லைனில் கிடைக்கிறது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஆனால் பெட்டிக்குள்ளேயே நுழையாத எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வயர் கிடைத்து என்ன பண்ணுவது?

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யைக் கொண்டுவந்தபோது அதை வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே செய்தார்கள். மூளை மாதிரி வேலை செய்யும் பிராசசர் இன்டெல்லுடையது, உள்ளே ஓடிய மென்பொருள் மைக்ரோசாஃப்டுடையது, சர்க்யூட் படத்தைக்கூடப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள். அதனால்தான் மற்றவர்களும் அதே மாதிரி செய்ய முடிந்தது. 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்த பிறகு, போர்டில் ஸ்க்ரூ துளை எங்கே இருக்க வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். எந்த அளவு என்பதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். காரைக்குடியில் இருக்கிற கேபினெட்டில் (வெளிப்பெட்டியில்) கச்சிதமாக உட்காருகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். அந்த வசதியைத்தான் சில கம்பெனி மாடல்களில் நாம் காசு கொடுத்து இழக்கிறோம், அதுவும் வாங்கும்போது யாரும் நம்மிடம் சொல்வதில்லை. எல்லா கம்பெனி மாடலும் அப்படி இல்லை. வாங்குவதற்கு முன்னால் கடையில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த மாடலின் உள்பக்கப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். 24 பின் பிளக் இருக்கிறதா, ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி) போட இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

சரி, இதைப் படித்துவிட்டு எல்லோரும் அசெம்பிள்டுக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே நடப்பது இன்னும் வயிற்றெரிச்சல். எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள் என்று, விளம்பரத்தில் பார்த்து "ஐ5 பிராசசர், 16 ஜி.பி. ராம், புத்தம் புதுசு" என்று ஒன்றை 17,000 ரூபாய்க்கு வரவழைத்தார். பெட்டி புதுசு, உள்ளே கலர் கலராக லைட் எரிகிறது, போர்டும் பார்க்கப் புதுசுதான். பிராசசர் ஐ5-3470. அது 2012-இல் வந்தது! ஐ5 என்ற பெயர் மட்டும் ஒன்றும் சொல்லாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷம். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது முதல் நாளே காலாவதியான ஒன்று. விற்றவரிடம் கேட்டதற்கு, ஓடுதா இல்லையா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா நகையை அடகு வைத்து வாங்கியது அது.

அப்புறம் எஸ்.எம்.பி.எஸ். விஷயம். அசெம்பிள் பண்ணும்போது கடைக்காரர் விலையைக் குறைக்கக் கை வைக்கும் முதல் இடம் இதுதான், ஏனென்றால் வாங்குபவர் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேபினெட்டோடு இலவசம் மாதிரி வரும், ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும், கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இருக்காது. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குகிற லட்சணத்துக்கு அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். 80 பிளஸ் முத்திரை உள்ளதாகப் பார்த்துத் தனியாக வாங்குங்கள். அந்த முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் சொல்லும், முழுப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, ஆனாலும் பெயர் தெரியாத பெட்டிக்கு இது எவ்வளவோ மேல். இன்னொன்று, எர்த்திங். கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில் விரல் பட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கோளாறு இருக்காது, வீட்டு சாக்கெட்டில் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே வந்திருக்காது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் அந்த 19 நாளுக்கு அப்புறம் கடைக்கு ஒன்று அசெம்பிள் பண்ணினேன். சர்வீஸ் தம்பி பக்கத்தில் இருக்க, நானே மாட்டினேன். கடை தரையில் பழைய நாளிதழை விரித்து, போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசசரின் மூலையில் இருக்கும் முக்கோணக் குறியையும் சாக்கெட்டில் இருக்கும் குறியையும் நேராகச் சேர்த்து வைத்தால் அது தானாக உட்காருகிறது, விரலால் அழுத்தவே கூடாது. ராம் அதற்கு நேர் எதிர், இரண்டு பக்கமும் பெருவிரலை வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், எனக்குப் போர்டே உடைந்துவிடும் போலிருந்தது. மூன்று மணி நேரத்தில் முடிந்தது. இப்போது அதில் எந்தப் பாகம் போனாலும் எனக்குத் தெரியும், ஊரிலேயே கிடைக்கும். ஆனால் எனக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீடியோ பார்த்து எல்லாம் சரியாக மாட்டிவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லை என்று இரண்டு நாள் தவித்தான். பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தது. இன்டெல்லில் அந்த எழுத்து இருந்தால் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளே கிடையாது, தனியாகக் கார்டு வாங்கிப் போட வேண்டும். கார்டு வாங்க நினைத்திருந்தால் பிரச்சினை இல்லை, அவன் கணக்கில் அதற்குக் காசே இல்லை.

காசு மிச்சம் என்ற பேச்சும் இப்போது அப்படியே நிற்கவில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. உலகத்துக்குத் தேவையான ராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான், அவர்கள் உற்பத்தி ஏ.ஐ. சர்வர்கள் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது. மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் பெரிய கம்பெனியின் ரெடிமேட் கம்ப்யூட்டர், நாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதைவிட மலிவாக விழுகிற நேரமும் வரும். கம்பெனி மெஷினில் பெரும்பாலும் விண்டோஸ் லைசன்ஸ் உள்ளேயே வரும், அசெம்பிள்டில் அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. ஐநூறு ரூபாய்க்குக் கிராக், அதாவது திருட்டு விண்டோஸ், போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, உபுண்டு மாதிரி லினக்ஸ் இலவசம், தமிழ்99 விசைப்பலகை அதிலும் வேலை செய்கிறது, படிக்கிற பிள்ளைக்கு அது போதும். எனக்குப் பக்க வடிவமைப்பு வேலை இருப்பதால் நான் விண்டோஸ் வாங்கியே ஆக வேண்டியிருந்தது.

அதனால் என்னிடம் வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் விலையைப் பேசுவதில்லை. வீட்டில் யாருக்கும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது, பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான், அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள் என்றால் கம்பெனி மெஷின்தான், அதுவும் மூன்று வருஷம் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியோடு. அந்த ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மதுரைக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது, வீடியோ எடிட்டிங், கேம் என்று நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு மாற்றுவான், ஊரில் நம்பகமான சர்வீஸ் ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் அசெம்பிள் பண்ணுங்கள். அதில் வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி, கம்பெனி அட்டைப்பெட்டியில் வரும் பிராசசருக்கு 3 வருஷம், போர்டுக்கும் பெரும்பாலும் 3 வருஷம், ஆனால் எது கெட்டாலும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

எதை வாங்கினாலும் பில்லை விடாதீர்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் தருகிறேன் என்பார்கள், அல்லது 'கம்ப்யூட்டர் செட் 1' என்று ஒரே வரியில் எழுதி நீட்டுவார்கள். வாரண்டிக்குப் போகும்போது அது செல்லாக்காசு. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும், பிராசசர் வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறையக் கடைகளில் பில் வழவழப்பான தெர்மல் பேப்பரில் வருகிறது, ஒரே வருஷத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். என் கடைக்கே அப்படி வெள்ளைத்தாளோடு வந்து, இதில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். லேமினேஷன் போடுவதானால் ஜெராக்ஸுக்குப் போடுங்கள், அசலுக்கு வேண்டாம், தெர்மல் பேப்பர் சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
காரைக்குடி.